மறு வியப்புத் தேர்வு

என் மகள் வியப்புப் பாடத்தில் ஃபெயில்.

கணக்கில் ஃபெயிலாகியிருந்தால் இரண்டு அதட்டு அதட்டி டியூஷனுக்கு அனுப்பியிருப்பேன். வரலாறு என்றால் கண்டுகொண்டிருக்கவே மாட்டேன். நானே அதில் முட்டை வாங்கியவன். வியப்பில் ஃபெயிலான எட்டாம் வகுப்புப் பிள்ளையை எந்த டியூஷனில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். என் காலுக்கென்று தனியாக ஒரு பிரேக் வைத்த வண்டியில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்கள் சுவரில் மோதாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். கேள்வி கேட்கும் ஆசாமிகளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. "ஏன் சார் இங்க திரும்பக் கூடாது?" என்று அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் எதிரே லாரி வந்துவிடும். அதனால் என் மகளுக்கு இந்த வியாதி என்னிடமிருந்து வந்திருக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த வியப்பு எப்போது பாடமானது என்று சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வமே இல்லை என்று மேலே யாரோ கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் சும்மா இருப்பார்களா? மாணவர் வியப்பு மேம்பாட்டு வாரியம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு கார், காருக்கு முன்னால் ஒரு கொடி. வாரியத்தின் கொள்கை சுலபமானது. பள்ளிதோறும் புதிரான சோதனைகளைச் செய்து காட்ட வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்த கண்ணாடி டம்ளரிலிருந்து தண்ணீர் கொட்டக் கூடாது. அவித்த முட்டை தன்னைவிடச் சின்ன வாயுள்ள பாட்டிலுக்குள் தானாக இறங்க வேண்டும். பார்க்கும் பிள்ளை வாயைப் பிளக்க வேண்டும். பிளந்த வாயிலிருந்து கேள்வி வரும், கேள்வியிலிருந்து விஞ்ஞானி வருவார்.

நல்ல யோசனைதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாரியத்துக்குத் தினமும் அறிக்கை வேண்டும். வியப்பு எவ்வளவு வந்தது என்று அளக்காமல் எப்படி அறிக்கை எழுதுவது? புருவம் ஏறினால் இவ்வளவு மதிப்பெண், வாய் திறந்தால் இவ்வளவு, 'ஆ' என்று சத்தம் வந்தால் இவ்வளவு என்று வகுத்தார்கள். அளப்பதற்கு ஆளையும் போட்டார்கள். அளப்பவர் வரும் நாளில் வியப்பு வராமல் போனால் பள்ளியின் பெயர் கெடும் அல்லவா? ஆகவே ஒத்திகை வைத்தார்கள். ஒரே முட்டை ஒரே பாட்டிலுக்குள் மறுபடி மறுபடி இறங்கியதில் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்தது. வாரியத்தின் அளவுகோலில் கொட்டாவிக்குத் தனிக் கட்டம் இல்லை. வாய் திறந்திருந்ததா, திறந்திருந்தது. எங்கள் மகள் படிக்கும் பள்ளி மாநிலத்திலேயே அதிகம் வியக்கும் பள்ளி என்று கேடயம் வாங்கியது அந்த வருடம்தான்.

இதைக் கேட்டுவிட்டு என் மனைவி சொன்னாள்: "அப்போ எங்க க்ளினிக்குக்கும் ஒரு கேடயம் குடுக்கலாமே. காலையில இருந்து எல்லாரும் வியந்துகிட்டேதான் இருக்காங்க." அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருபவள். சிரித்தோம். மற்றவன் வீட்டுக் கூரை எரிந்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

பிறகு எங்கள் கூரைக்கு வந்தது.

குரல் கணீரென்று இருக்கிறது என்று சொல்லி என் மகளைக் கேள்வி கேட்கும் மாணவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் கேள்வி கேட்டால் அளக்க முடியாது என்பதால் வகுப்புக்கு ஒரு பிள்ளைக்குத்தான் அந்த உரிமை. மணி அடித்ததும் எழுந்து, "ஏன் ஐயா இவ்வாறு நிகழ்கிறது?" என்று கேட்க வேண்டும். வாரியத்து அதிகாரி கையேட்டைப் பார்த்துப் பதிலை வாசிப்பார். வகுப்பே எழுந்து "சந்தேகம் தீர்ந்தது, நன்றி ஐயா" என்று சொல்ல வேண்டும். அத்தோடு ஆர்வம் முடிந்தது. பிள்ளைகள் வரிசையாக வெளியேறலாம்.

அன்றைக்கு மெழுகுவத்தி. தட்டில் தண்ணீர், நடுவே எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். கொஞ்ச நேரத்தில் சுடர் அணைகிறது, தட்டிலிருந்த தண்ணீர் டம்ளருக்குள் விறுவிறுவென்று ஏறுகிறது. மணி அடித்தது. இவள் கேட்டாள். அதிகாரி வாசித்தார்: "எரியும் மெழுகுவத்தி உள்ளே இருந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. காலியான இடத்தைத் தண்ணீர் நிரப்பியது." வகுப்பு எழுந்து சந்தேகம் தீர்ந்தது என்று சொல்லி வாசல் பக்கம் திரும்பியது. என் மகள் மட்டும் நின்றபடியே இருந்தாள்.

"சார், எரியறப்போ தண்ணி ஏறவே இல்லையே. அணைஞ்சதுக்கு அப்புறம்தானே ஏறுச்சு? தின்னும்போது ஏறாம, தின்னு முடிச்சப்புறம் ஏன் ஏறணும்?"

வாரியம் தோன்றிய நாள் முதல் எந்தப் பிள்ளையும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லையாம். அதிகாரி கையேட்டைப் புரட்டினாராம். அடுத்த பக்கத்தில் முட்டைதான் இருந்ததாம்.

மறுநாள் தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் அந்தக் கேடயம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குப் பூட்டும் இருந்தது. பிள்ளையைக் கெடுத்தவர்களைப் பார்க்கும் பார்வையில் எங்களைப் பார்த்தார்.

"வீட்ல இவ இப்படித்தானா?"

"எப்படி மேடம்?"

"பார்த்துக்கிட்டே இருக்கறது."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"நாங்க ஆர்வத்தைத் தூண்டறோம், சார். ஊக்கப்படுத்தறோம். ஆனா எதுக்கும் ஒரு அளவு இருக்கில்ல? பதில் வர்றதுக்கு முன்னாடி கேட்டா அது ஆர்வம். பதில் வந்தப்புறமும் கேட்டா அது ஒழுங்கீனம். இதுகூடத் தெரியாத பிள்ளையை நான் எப்படி ஒன்பதாவதுல அறிவியல் பிரிவுக்கு அனுப்ப முடியும்?"

எனக்கு விஷயம் உறைத்தது அப்போதுதான். வியப்பில் தேறினால்தான் அறிவியல் பிரிவாம். தேறாவிட்டால் பொதுப் பிரிவு. என் மகளோ நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஸ்விட்சைக் கழற்றுபவள், மூடியைத் திறந்து வைத்துக் கொதிக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பவள். அறிவியல் பிரிவு கிடைக்காவிட்டால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது? வேறு பள்ளிக்கு மாற்றலாம் என்றால் எல்லாப் பள்ளியும் அதே வாரியத்தின் கீழ்தான்.

"ஒரு வாய்ப்பு இருக்கு," என்றார் தலைமையாசிரியை. "மறு வியப்புத் தேர்வு. வாரியத்து முதுநிலை அதிகாரியே வருவார். அதே சோதனை. இந்தத் தடவை அவ ஒழுங்கா வியந்து, ஒழுங்கா கேட்டு, ஒழுங்கா சந்தேகம் தீர்ந்துட்டா போதும். பெரிய மனசு பண்ணித்தான் ஒத்துக்கிட்டிருக்காங்க."

வெளியே தாழ்வாரத்தில் அறிவியல் டீச்சர் நின்றிருந்தார். இளம்பெண். என் மகளுக்கு அவரைப் பிடிக்கும். குரலைத் தாழ்த்தி அவரிடம் கேட்டேன்: "டீச்சர், நிஜத்தைச் சொல்லுங்க. அந்தத் தண்ணி எப்போதான் ஏறுது?"

டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்தார். "எனக்குத் தெரியாதுங்க."

"வருஷா வருஷம் நீங்கதானே செஞ்சு காட்டறீங்க?"

"செய்வேங்க. ஆனா டம்ளரைப் பார்க்க மாட்டேன். பசங்க மூஞ்சியைப் பார்க்கணும்னுதான் எங்களுக்குப் பயிற்சி. அதிகாரியும் மூஞ்சியைத்தான் பார்ப்பார். டம்ளரைப் பார்க்க ஆளே கிடையாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க பொண்ணு பார்த்திருக்கா," என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

அடப்பாவிகளா! ஒரு கட்டடம், ஒரு தலைவர், ஒரு கொடி, இத்தனை அதிகாரிகள். ஊரெல்லாம் மெழுகுவத்தி எரிகிறது. ஒருத்தனும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோபம் வந்து என்ன செய்வது? வீட்டில் பயிற்சியைத் தொடங்கினேன். காலையில் பல் துலக்கும்போது ஒரு முறை, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை. நான் அதிகாரி. மனைவி மணி. ஒரு பாத்திரத்தில் கரண்டியால் தட்டுவாள்.

"புருவம்!" என்பேன். மகள் புருவத்தை ஏற்றுவாள்.

"வாய்!" திறப்பாள்.

"கேள்வி!"

"ஏன் ஐயா இவ்வாறு நிகழ்கிறது?"

"ஆக்சிஜன் தின்னுடுச்சு. இப்போ என்ன சொல்லணும்?"

"அப்பா, நான் வீட்ல செஞ்சு பார்த்தேன்பா. ஒரு மெழுகுவத்திக்குப் பதிலா மூணு வச்சா தண்ணி இன்னும் மேல ஏறுது. டம்ளர் அதேதான், காத்து அதேதான். ஆக்சிஜன் மட்டும் எப்படிப்பா கூடும்?"

"பாப்பா, ஆக்சிஜன் கூடுதோ குறையுதோ, நமக்கு எதுக்கு? சந்தேகம் தீர்ந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. வாய் வலிக்குமா?"

"தீரலையே."

"தீர்ந்த மாதிரி நடி!"

"நீங்க ஒரு தடவை வந்து பாருங்கப்பா. ஒரே ஒரு தடவை."

"எனக்கு நேரமில்லை," என்றேன். நிஜமாகவே இல்லை. மறுபடி புருவத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. மகள் அழுதாள். அழுதுகொண்டே வியந்தாள். வாரக் கடைசியில் யாரும் குறை சொல்ல முடியாதபடி வியக்கத் தொடங்கிவிட்டாள். கண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

தேர்வு பள்ளியின் ஆய்வகத்தில் நடந்தது. முதுநிலை அதிகாரி கோட்டு அணிந்து வந்தார். உட்காருமுன் ஒரு உரை ஆற்றினார். நாற்காலி இருக்கும் இடமெல்லாம் அவர் உரை ஆற்றுவார்போல.

"பெற்றோர்களே, வியப்புதான் அறிவின் தாய். ஒரு பிள்ளை 'ஏன்' என்று கேட்கும் அந்த நொடிக்காகத்தான் எங்கள் வாரியம் இரவு பகலாகப் பாடுபடுகிறது. அந்த நொடியைத் தாண்டினால் சிக்கல். இந்த மாணவிக்கு நேர்ந்தது என்ன? சோதனையின் தொடக்கத்தைப் பார்த்தாள், நல்லது. முடிவைப் பார்த்தாள், மிக நல்லது. ஆனால் நடுவில் பார்த்துவிட்டாள். நடுவில் பார்ப்பதால்தான் இந்த நாட்டில் இத்தனை குழப்பம். வாரியம் இதற்கு ஒரு தீர்வு கண்டிருக்கிறது."

தீர்வு ஒரு கறுப்புத் துணி. மடித்து, வாரியத்தின் முத்திரை குத்தி, ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். மெழுகுவத்தியை ஏற்றி டம்ளரைக் கவிழ்த்ததும் அதன்முன் துணியைத் திரைபோலத் தொங்கவிட வேண்டுமாம். எல்லாம் முடிந்ததும் விலக்கிக் காட்ட வேண்டுமாம். "இனி எல்லாப் பள்ளிகளிலும் இதுதான்," என்றார். "பார்வையின் இடையூறு இல்லாத வியப்பு!" தலைமையாசிரியை கைதட்டினார். எதற்கு என்று தெரியாமல் நானும் தட்டினேன்.

அதிகாரி, தலைமையாசிரியை, என் மகள் மூவரும் மேசைக்கு முன்னால். டீச்சர் துணியைப் பிடித்தபடி ஒரு ஓரம். பெற்றோருக்கு நாற்காலி போட்டிருந்தது பக்கவாட்டுச் சுவரோரம், கழுவுதொட்டிக்குப் பக்கத்தில். துணி முன்பக்கத்தைத்தான் மறைத்தது. பக்கவாட்டை மறைக்க வேண்டும் என்று வாரியத்துக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவும் ஆள் இருப்பான் என்று அவர்கள் எப்படி நினைப்பார்கள்?

"வாயைத் திறக்காம உட்காருங்க," என்றாள் என் மனைவி. தன் தொழிலுக்கே விரோதமாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மெழுகுவத்தியை ஏற்றினார்கள். டம்ளர் கவிழ்ந்தது. துணி இறங்கியது. அதிகாரி என் மகளின் புருவத்தைப் பார்க்கத் தொடங்கினார். தலைமையாசிரியை அதிகாரியின் பேனாவைப் பார்த்தார். டீச்சர் என் மகளின் வாயைப் பார்த்தார். என் மகள் துணியைப் பார்த்தாள்.

எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லாததால் டம்ளரைப் பார்த்தேன்.

சுடர் எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் தட்டிலேயே கிடந்தது. சுடர் சுருங்கியது. தண்ணீர் அங்கேயேதான். சுடர் அணைந்தது, ஒரு நூல் புகை. அதற்கப்புறம், ஐயோ, அதற்கப்புறம்தான் தண்ணீர் எழுந்தது. யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சுவதுபோல எழுந்தது. என் கையில் மயிர் நின்றது. ஒரு வாரமாக இந்தப் பிள்ளை கத்திக் கத்திச் சொன்னது இதைத்தானே!

துணி விலகியது. என் மகள் புருவத்தை ஏற்றினாள், வாயைத் திறந்தாள், 'ஆ' என்றாள். குறையே சொல்ல முடியாத 'ஆ'. மணி அடித்தது.

"ஏன் ஐயா இவ்வாறு நிகழ்கிறது?"

அதிகாரி வாசித்தார். ஆக்சிஜன், தின்றது, காலியிடம், தண்ணீர். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "சந்தேகம்?"

அவள் தரையைப் பார்த்தாள். என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

"சந்தேகம் தீர்ந்தது, நன்றி ஐயா."

"சபாஷ்!" என்றார் அதிகாரி. "இதுதான் விஞ்ஞானி ஆகப்போகும் பிள்ளைக்கு அழகு." பேனாவைத் திறந்தார். தலைமையாசிரியைக்கு முகம் மலர்ந்தது. அவ்வளவுதான், கையெழுத்து விழுந்தால் அறிவியல் பிரிவு. நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். மனைவி என் தொடையில் கை வைத்துத் தயாராகத்தான் இருந்தாள்.

"சார்," என்றது ஒரு குரல். அது என் குரல். "அணைஞ்சதுக்கு அப்புறந்தான் சார் ஏறுச்சு."

தொடையில் கிள்ளு விழுந்தது. நான் நிறுத்தவில்லை.

"நான் பார்த்தேன் சார். எரியற வரைக்கும் அசையவே இல்லை. ஏன் சார் அப்படி?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெடுவதற்கு முன் தவளைக்கும் இப்படித்தான் நெஞ்சு படபடத்திருக்கும்.

அதிகாரி பேனாவை மூடினார். கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். "நீங்கள் டம்ளரையா பார்த்தீர்கள்?"

"ஆமா சார். நீங்க பார்க்கலையா?"

"பார்ப்பது என் பணி அல்ல. இத்தனை வருட சேவையில் ஒரு முறைகூட நான் அந்தப் பக்கம் பார்த்ததில்லை." அதைப் பெருமையாகத்தான் சொன்னார். "மேலும் பெற்றோருக்குக் கேள்வி ஒதுக்கீடு கிடையாது."

"சரி சார், கேள்வியை வாபஸ் வாங்கிக்கறேன். புள்ளைதான் சந்தேகம் தீர்ந்ததுன்னு சொல்லிடுச்சே. அவளுக்குப் போட்டுடுங்க."

"எப்படி முடியும்?" என்று அவர் தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். "மாணவியின் சந்தேகம் தீரவில்லை, மேடம். தந்தையிடம் இடம் மாறியிருக்கிறது. இது பரம்பரைக் கோளாறு. ஒரு சந்தேகம் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்தக் குடும்பத்தை அறிவியலுக்குள் விடுவது ஆபத்து." எழுந்தார். "வாரியம் உங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறது," என்று என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் பெட்டியும் துணியும் போயின. பொதுப் பிரிவு என்று தலைமையாசிரியை வாய்விட்டே சொல்லிவிட்டார்.

 வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் என் மனைவி ஆரம்பித்தாள்.

"வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழியை உடைச்சீங்களே! அவளை ஒரு வாரமா வாயை மூடு, வாயை மூடுன்னு படுத்தி எடுத்தது யாரு? கடைசியில யாரு வாயைத் திறந்தது? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கக் கூடாதா? புள்ளையோட படிப்பு மண்ணாப் போச்சே!"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நான் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் மகள் அழுதுகொண்டிருந்தாள். அறிவியல் பிரிவுக்கு என்று வாங்கி வைத்த வெள்ளைக் கோட்டு வீட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"பாப்பா," என்றேன். "அப்பா தப்புப் பண்ணிட்டேன்டா. தெரியாம வாயில வந்துடுச்சு."

அழுகை கொஞ்சம் குறைந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நிஜமாவே பார்த்தீங்களாப்பா?"

"பார்த்தேன்டா."

"எனக்குத் துணி மறைச்சுடுச்சு." இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டினாள். கன்னமெல்லாம் ஈரம். "சுடர் சின்னதாகும்போது கொஞ்சமாவது ஏறுச்சா? இல்ல, முழுசா அணைஞ்சப்புறம்தானா? டம்ளர் விளிம்புல குமிழி ஏதாச்சும் வந்துச்சா?"

"குமிழியா?"

"ஆமாப்பா. டம்ளரைக் கவிழ்த்த உடனே. உள்ள இருந்த காத்து குமிழியா வெளியில போச்சா, இல்லையா?"

யோசித்துப் பார்த்தேன். வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. என் மனைவியும் திட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"அதைக் கவனிக்கலையே பாப்பா."

"ச்சே! என்னப்பா நீங்க!" அன்றைக்கு முழுவதும் வராத கோபம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. "அவ்ளோ கிட்ட உட்கார்ந்துகிட்டு அதைக்கூடப் பார்க்கலையா?"